திரியுள்ள மெழுகு, திரியில்லா மெழுகு: மணம் எதில் நீடிக்கும்?

ஒரு தீபாவளிக்கு முந்திய வாரம், கழக நிதிக்காக வாசனை மெழுகு செய்து விற்றோம். சோயா மெழுகை உருக்கி, அதில் மல்லிகை மண எண்ணெயைக் கலந்து, பாதியைத் திரியிட்ட கண்ணாடிக் குவளைகளில் ஊற்றினோம். மீதியைச் சிறு அச்சுகளில் வார்த்துக் கட்டிகளாக்கினோம். கட்டிக்குத் திரி கிடையாது. மின்சூடேற்றியின் தட்டில் வைத்தால் உருகி மணக்கும். குவளை ஒன்றில் 200 கிராம் மெழுகு. பொட்டலம் ஒன்றில் 25 கிராம் கட்டிகள் எட்டு. எடை ஒன்றுதானே என்று இரண்டிலும் ‘40 மணி நேரம் மணக்கும்’ என்று ஒரே சீட்டை ஒட்டிவிட்டோம்.

இரண்டு வாரங்கள் கழித்து, கழகத்தின் முன்னாள் உறுப்பினரான அக்கா ஒருவர் பொட்டலத்துடன் வந்தார். “ஒரே கட்டியை அஞ்சு நாளா உருக்குறேன் தம்பி. மெழுகு அப்படியே இருக்கு, வாசத்தைத்தான் காணோம்,” என்றார். அவர் காசைத் திருப்பிக் கேட்கவில்லை. காரணத்தைத்தான் கேட்டார். அன்று எங்களிடம் காரணம் இல்லை. அதைத் தேடியதன் விளைவே இக்கட்டுரை.

விளக்கத்திற்குள் நுழையுமுன் சொல்லைப் பற்றி ஒரு சொல். ‘வர்த்தி’ என்றாலே திரி என்றுதான் பொருள். ஊதுவத்தியில் உள்ள ‘வத்தி’யும் அதுவே. ஆகவே ‘திரியில்லா மெழுகுவர்த்தி’ என்பது ‘திரியில்லாத திரி’ என்பது போலாகிவிடும். மொழிக் கழகத்தின் இதழில் அப்படி எழுதத் துணிவில்லாததால், இங்கே அதை ‘மணக்கட்டி’ என்றே குறிப்பிடுகிறேன்.

முதலில் திரியுள்ளதைப் பார்ப்போம். 1860ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் விடுமுறையில் தொடங்கி, மைக்கேல் ஃபாரடே இலண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் இளையோருக்காக ஆற்றிய ஆறு சொற்பொழிவுகளும் ஒரு மெழுகுவர்த்தியைச் சுற்றியே அமைந்தன. அதில் எரிவது திரியன்று, மெழுகின் ஆவியே என்பதை அவர் செய்து காட்டினார். சுடரின் வெப்பத்தால் மேற்பரப்பு உருகிச் சிறு குளமாகிறது. அந்த நீர்மம் திரியின் நுண்துளைகள் வழியே மேலேறி, ஆவியாகி எரிகிறது. நமக்கு எட்டும் மணத்தில் பெரும்பகுதி சுடரிலிருந்து வருவதன்று. குளத்தின் பரப்பிலிருந்து எழுவது. திரிக்குள் ஏறும் எண்ணெய் பெரும்பாலும் மெழுகோடு சேர்ந்து எரிந்து வீணாகிறது. ஆயினும் ஓர் ஆதாயம் உண்டு. மேலே உள்ள மெழுகு தீரத் தீர, அடியில் இருக்கும் புதிய மெழுகு தன் எண்ணெயோடு குளத்தில் சேர்கிறது. எனவே முதல் நாள் மணம் ஏறக்குறைய கடைசி நாள்வரை அதே அளவில் வரும். மணம் நிற்கும்போது மெழுகும் தீர்ந்திருக்கும்.

மணக்கட்டியின் கதை வேறு. சூடேற்றியின் இளஞ்சூட்டில் மெழுகு உருகுமே தவிர எரியாது, ஆவியாகியும் போகாது. வெளியேறுவது எண்ணெய் மட்டுமே. புதிய எண்ணெய் வந்து சேரவும் வழியில்லை. ஆகவே முதல் ஓரிரு மணி நேரம் அறையே கமகமக்கும். பிறகு படிப்படியாகக் குறையும். இறுதியில் மணமற்ற வெறும் மெழுகு மிஞ்சும். அக்காவின் தட்டில் கிடந்தது அதுதான்.

அந்தக் குறைதலும் எல்லா மணத்திற்கும் ஒரே வேகத்தில் நிகழ்வதில்லை. எலுமிச்சைத் தோலில் உள்ள லிமொனீன் கொதிப்பது 176 பாகை செல்சியஸில். மல்லிகையில் மிகுந்துள்ள பென்சைல் அசிடேட் ஏறக்குறைய 212 பாகையில். வெண்ணிலாவின் உயிரான வெனிலின் 285 பாகையில். சூடேற்றி இந்த அளவுகளை நெருங்குவதில்லை. ஆனால் கொடியில் காயும் துணியின் ஈரம் கொதித்தா ஆவியாகிறது? கொதிநிலை குறைந்தது முதலில் பறக்கிறது, கூடியது தங்குகிறது, அவ்வளவுதான். எனவே மணக்கட்டிக்கு வெண்ணிலா, சந்தனம் போன்ற கனத்த மணங்களே ஏற்றவை. எலுமிச்சை, ஆரஞ்சு மணங்களைத் திரியுள்ள குவளைக்கு ஒதுக்கலாம்.

இனி கணக்கு. நாங்கள் கலந்த எண்ணெய் மெழுகின் எடையில் 8 விழுக்காடு. குவளையில் 16 கிராம் எண்ணெய் இருக்கும். நடுத்தரக் குவளை மணிக்கு ஏறத்தாழ 6 கிராம் மெழுகை எரிக்கும் என்று கொண்டால், 200 கிராம் 33 மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆக, குவளைக்கும் எங்கள் ‘40’ சற்று மிகைதான்! கட்டி ஒன்றில் இருப்பது 2 கிராம் எண்ணெய். அது சுமார் 8 மணி நேரம் நன்கு மணந்தால், எட்டுக் கட்டிகளும் சேர்ந்து 64 மணி நேரம் வரும். எண்ணெய் எரிந்து வீணாகாததும், சூடு குறைவாக இருப்பதுமே இதற்குக் காரணம். எடைக்கு எடை பார்த்தால் திரியில்லாததே நெடுநேரம் மணக்கிறது. ஆனால் எட்டு மணிக்கொருமுறை கட்டியை மாற்ற வேண்டும். அதைத்தான் நாங்கள் யாருக்கும் சொல்லவில்லை.

மணம் போய்விட்டது என்று முடிவு கட்டுமுன் மூக்கையும் ஐயப்பட வேண்டும். ஒரே வாசத்தில் தொடர்ந்து இருந்தால் மூக்கு அதைப் பொருட்படுத்துவதை நிறுத்திவிடும். கால் மணி நேரம் வெளியே உலாவிவிட்டு அறைக்குத் திரும்பிப் பாருங்கள். நுட்பமான தராசு கிடைத்தால் இன்னும் நல்லது: கட்டியை உருக்குமுன்னும், ஆறிய பின்னும் நிறுத்தால், குறைந்த எடை பெரும்பாலும் பறந்த எண்ணெயின் எடையே.

வீட்டில் செய்வோர் எண்ணெயைக் கூட்டினால் மணமும் நீடிக்கும் என்று எண்ணுவதுண்டு. சோயா மெழுகு பொதுவாக 10 விழுக்காடு அளவில் நிறைந்துவிடும். அதற்கு மேல் ஊற்றினால் எண்ணெய் முத்து முத்தாக வெளியே வியர்க்கும், திரியும் அடைத்துக்கொள்ளும். நமது வெப்பத்தில், வெயிலில் நிற்கும் காருக்குள் வைத்தாலும் இதே கதிதான். வார்த்ததும் மூடிவைத்து ஒன்றிரண்டு வாரங்கள் காத்திருப்பதே மணத்திற்கு நல்லது. நாங்கள் வார்த்த மூன்றாம் நாளே விற்றோம்!

விடுதியில் தங்கியிருப்போருக்கு ஒரு குறிப்பு. பல விடுதிகளில் அறைக்குள் சுடர் ஏற்றத் தடையுண்டு. சிறு தட்டை மெழுகுவர்த்தியை அடியில் வைத்து மணக்கட்டியை உருக்கும் பீங்கான் கிண்ணமும் சுடர்தான். தவிர, அதன் சூடு மின்சூடேற்றியைவிடக் கூடுதலாவதால் மணமும் விரைவில் தீரும். மின்சூடேற்றிக்கும் அனுமதி உண்டா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். மணம் போன மெழுகைக் கழுவுதொட்டியில் ஊற்றாதீர்கள். குழாயில் உறைந்து அடைக்கும். ஆறவிட்டுப் பெயர்த்துக் குப்பையில் போடலாம்.

புதிய சீட்டு இப்படி அமைந்தது. குவளைக்கு: ‘சுமார் 30 மணி நேரம் எரியும்.’ பொட்டலத்திற்கு: ‘ஒரு கட்டி சுமார் 8 மணி நேரம் மணக்கும், மெழுகு மிஞ்சினாலும் கட்டியை மாற்றுக.’ அந்தச் சீட்டு ஒட்டிய முதல் பொட்டலத்தை அக்காவிடம் கொடுத்தோம். மல்லிகை வேண்டாம் என்று வெண்ணிலாவைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.