தத்தெடுக்கும் முன் தாள்களைச் சேர்த்திடுவீர்!



மக்கட்பேற்றை வல்ல இறைவன் எல்லாருக்கும் ஒரே அளவில் வழங்கிவிடுவதில்லை. செம்பரம்பாக்கம் ஏரிக்கரை தொடங்கி இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் வரை விரிந்து கிடக்கும் தொழிற்சாலைகளில் பணிபுரிந்து, பின்னர் வளைகுடாவுக்கோ ஐரோப்பாவுக்கோ சென்றுவிட்ட நம் குடும்பங்களிலும் பிள்ளை ஏக்கத்துடன் வாழ்வோர் உண்டு. தாயகத்திலிருந்து ஆதரவற்ற குழந்தை ஒன்றை எடுத்து வளர்க்க எண்ணினால், காகித மலையொன்று எதிரே வந்து நிற்கும். அதனை ஏறும் வழியையே இங்கு எழுதுகிறேன்.

"நமக்குத் தத்து உண்டா?" என்று கேட்பீர்கள். எத்தீமை ஆதரிப்பதை மார்க்கம் போற்றுகிறது. ஆனால் வளர்ப்புப் பிள்ளையை அவனைப் பெற்ற தந்தையின் பெயராலேயே அழைக்கும்படித் திருமறையின் 33ஆம் அத்தியாயம் பணிக்கிறது. ஆகவே நெடுங்காலம் 1890ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டமே நமக்கு வழியாக இருந்தது. அதன்படி நீங்கள் காப்பாளர் மட்டுமே. அப்பொறுப்பும் குழந்தைக்கு 18 வயதாகும்போது முடிந்துவிடும். 2014 பிப்ரவரி 19 அன்று ஷப்னம் ஹாஷ்மி வழக்கில் உச்சநீதிமன்றம், எம்மதத்தவரும் விரும்பினால் இளைஞர் நீதிச் சட்டத்தின்கீழ்த் தத்தெடுக்கலாம், எவருக்கும் கட்டாயமில்லை என்று தீர்ப்பளித்தது. இன்று நடைமுறையிலுள்ள 2015ஆம் ஆண்டுச் சட்டம் தத்துப்பிள்ளைக்கு வாரிசுரிமையும் தருகிறது. ஷரீஅத்தில் அப்பங்கு இல்லை. மூன்றில் ஒரு பாகத்துக்குள் வஸிய்யத்தோ, வாழும்போதே ஹிபாவோ செய்யலாம். விண்ணப்பிக்கும் முன்பே ஆலிம் ஒருவரையும் வழக்கறிஞர் ஒருவரையும் கலந்து இதைத் தெளிவுபடுத்திக் கொள்ளுங்கள். பின்னர்ச் சொந்தங்கள் கூடிச் சண்டையிடுவதைவிட அது நலம்.

இனித் தாள்கள். குடும்பப் புகைப்படம், பான் அட்டை, பிறந்த தேதிக்கும் முகவரிக்கும் சான்று, கடந்த ஆண்டின் வருமானச் சான்று, தீராத நோயோ தொற்றுநோயோ இல்லையென்னும் மருத்துவச் சான்று, திருமணச் சான்று, உங்களை அறிந்த இருவரின் பரிந்துரைக் கடிதம். வீட்டில் ஐந்து வயதைக் கடந்த பிள்ளை இருந்தால் அதன் சம்மதமும் வேண்டும்.

நம்மவர் இடறுவது பெயரில்தான். நிக்காஹ் பதிவேட்டில் 'முஹம்மது', பாஸ்போர்ட்டில் 'மொஹமத்', ரேஷன் அட்டையில் வேறொன்று! மனைவியின் பெயரோடு 'பீவி' ஒரு தாளில் இருக்கும், மறுதாளில் இராது. பாஸ்போர்ட்டை அளவுகோலாகக் கொண்டு மற்றவற்றைத் திருத்தத் தொடங்குங்கள், மாதங்கள் ஆகும். ஜமாஅத் பதிவேடு ஒன்றே போதுமென்றும் இருந்துவிடாதீர்கள். 2009ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டப்படி எல்லா மதத்தாரின் திருமணத்தையும் அரசிடம் பதிவு செய்தாக வேண்டும்.

வெளிநாட்டில் வாழ்வோரின் இல்லத்தை ஆராய்ந்து அறிக்கை தருபவர், அந்நாட்டில் அங்கீகாரம் பெற்ற தத்து நிறுவனத்தார். நிறுவனமும் அதற்கென அரசு அமைப்பும் இல்லாத நாட்டில் இந்தியர்கள் நம் தூதரகத்தை அணுக வேண்டும். 1993ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையை இந்தியா 2003இல் ஏற்றது. வளைகுடா நாடுகளோ அதில் சேரவில்லை. ஆதலால் குழந்தைக்கு விசா கிடைக்குமா என்று அங்கேயே முதலில் விசாரியுங்கள். புதுதில்லியிலுள்ள மத்தியத் தத்து ஆணையம் 'காரா' தடையின்மைச் சான்று அளித்தபின், மாவட்ட ஆட்சியர் ஆணை பிறப்பிப்பார். 2022 செப்டம்பருக்கு முன் இது நீதிமன்றத்தின் வேலை. அடுத்துப் பிறப்புச் சான்று, பாஸ்போர்ட், விசா.

இத்தனை கெடுபிடி எதற்கு என்று சலிப்படைவோர் ஒன்றை அறிய வேண்டும். 1990களின் இறுதியில் சென்னையின் ஏழைக் குடியிருப்புகளிலிருந்து திருடப்பட்ட குழந்தைகள், பொய்ப் பெயர்களுடனும் பொய்ப் பத்திரங்களுடனும் நெதர்லாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் தத்தாக அனுப்பப்பட்டனர். 2005இல்தான் காவல்துறை வழியே அது வெளிப்பட்டது. வாங்கியவர்கள் தாள்களை நம்பினர். பெற்ற தாய்மார் தெருத்தெருவாய்த் தேடியலைந்தனர். அவர்களுள் நம் சமுதாயத்துத் தாயும் உண்டு. இன்று, குழந்தையை ஒப்படைக்கும் தாய்க்கு மனம் மாற 60 நாள் அவகாசம் உண்டு. குழந்தைநலக் குழு அறிவித்த பின்னரே குழந்தையைத் தத்துக்குக் கொடுக்கலாம். "மருத்துவமனையிலேயே வாங்கித் தருகிறேன்" என்று எவரேனும் வந்தால் வாசலோடு திருப்பி அனுப்புங்கள். 1098 எண்ணுக்கும் தெரிவியுங்கள்.

குழந்தை வீடு சேர்ந்த பின்னும் ஈராண்டுகள் விசாரணை தொடரும்: முதலாண்டில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, மறு ஆண்டில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. இடையில் வேறு நாட்டுக்கு மாற்றலானால், முன்கூட்டியே தெரிவித்த பின்னரே பயணப்பெட்டியைக் கட்டுங்கள்.