துணியில் மை அச்சிடும் யந்திரம்: பாதுகாப்பும் பராமரிப்பும்

மாமல்லபுரத்திற்குத் தெற்கேயுள்ள சதுரங்கப்பட்டினத்தில் 17-ஆம் நூற்றாண்டில் டச்சு வணிகர்கள் தங்கி, நம் நாட்டு நெசவாளரின் துணிகளைக் கப்பலேற்றினார்கள். ஆகவே கடல் கடந்து பேர் பெற்ற துணி இப்பகுதிக்குப் புதிதன்று. இன்று வந்திருக்கும் புதுமை, தைத்த பருத்திப் பனியன் மீது கணினியிலுள்ள படத்தை நேரே மையாகத் தெளித்து அச்சிடும் இங்க்ஜெட் யந்திரமாகும். மாமல்லபுரத்துச் சிற்பங்களைக் காண வரும் பயணிகளை நம்பி இதனை வாங்க எண்ணும் அங்கத்தினர்கள், முதலில் இதன் இயல்பை அறிதல் அவசியம்.

இந்த யந்திரத்தின் உயிர்நிலை அதன் அச்சுத் தலை. மயிரிழையினும் நுண்ணிய துளைகள் வழியாக மை வெளிப்படுகிறது. வெள்ளை மையில் கலந்துள்ள டைட்டேனியம் டை ஆக்ஸைடு கனமான பொருள். அசையாதிருந்தால் அடியில் தங்கித் துளைகளை அடைத்துவிடும். எனவே இந்த யந்திரத்திற்கு உழைப்பைவிட ஓய்வே பெரும்பகை. வேலை இல்லாத நாளிலும் வெள்ளை மையைக் கலக்கி, சோதனை அச்சு ஒன்று எடுத்துப் பார்க்க வேண்டும். தலையை மூடும் மூடியையும் துடைக்கும் பட்டையையும், தயாரிப்பாளர் குறித்த திரவத்தால் நாள்தோறும் துடைத்தல் நலம்.

கடலோரத்தில் உப்புக்காற்றும் ஈரமும் உலோகத்தை அரிக்கும். கத்திரி வெயிலில் செங்கற்பட்டுப் பக்கத்து உலர் வெப்பம் மையைக் காய வைக்கும். ஆதலின் கடலை நோக்கிய சன்னல் இல்லாத அறையைத் தேர்ந்து, ஈரப்பதமானி ஒன்றை மாட்டுங்கள். 45 முதல் 60 விழுக்காடு ஈரம் பொதுவாக ஏற்றது.

பல யந்திரங்கள் இரவிலும் மின்சாரம் இருந்தால் தாமே மையைச் சுழற்றிக் கொள்ளும். 2022 டிசம்பர் 9-ஆம் தேதி இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தின் அருகே கரை கடந்ததை நாம் மறக்கவில்லை. அத்தகைய காலத்தில் மின்தடை நீளக்கூடும். புயல் எச்சரிக்கை வந்தவுடன், யந்திரத்தின் கையேட்டின்படி வெள்ளை மைக் குழாய்களைக் கழுவித் துப்புரவுத் திரவத்தால் நிரப்பி வைப்பது நன்று. நிலத்தொடர்பும் மின்னழுத்தச் சீராக்கியும் எந்நாளும் இன்றியமையாதவை.

இனி, ஆளின் பாதுகாப்பு. கருநிறத் துணியில் வெள்ளை மை நிற்க, முன்பூச்சுத் திரவம் தெளிப்பர். உப்புக் கலந்த அதன் துளிகள் அச்சுத் தலையில் பட்டால் மை உறையும். மூச்சில் சென்றால் தொண்டை உறுத்தும். ஆகையால் இவ்வேலையைக் காற்றோட்டமுள்ள வேறு அறையில், முகமூடியும் கண்ணாடியும் கையுறையும் அணிந்து செய்க. மையை இறுக வைக்கும் சூட்டு அழுத்தி ஏறக்குறைய 160 பாகை சென்டிகிரேடுக்கு மேல் கொதிப்பது. சிறுவர்களை அருகில் விடலாகாது. அச்சுத் தலை ஓடும்போது கையை உள்ளே நுழைக்கக் கூடாது. துணியின் மடிப்போ பொத்தானோ மேலெழுந்து நின்றால் தலையில் இடித்துப் பழுதாக்கும். ஆதலால் துணியைத் தட்டில் சமமாக விரிக்க வேண்டும். கழிவு மையை வாய்க்காலிலோ மணலிலோ கொட்டாமல் மூடிய கலத்தில் சேர்த்து, முறைப்படி அப்புறப்படுத்துக.

யந்திரத்தில் விலை மிகுந்த உறுப்புக்களில் ஒன்று அச்சுத் தலை. அது பழுதானால் பல மாத வருவாய் போகும். கடன் தவணையோ நில்லாது. கூட்டாக வாங்குவோர் இன்னார் இன்ன நாளில் துடைத்தார் என்று ஒரு குறிப்பேட்டில் எழுதி வருக. எல்லோருக்கும் பொதுவான வேலை, பெயர் குறிக்காவிடில், எவருக்கும் உரியதன்றிப் போகும். சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம்.