கைத்தொழிலா, கலையா? சென்னைக் கவின்கலைக் கல்லூரி கடந்து வந்த பாதை

சாதாரண தரத்தில் அழகியற் பாடமாகச் சித்திரம் எடுத்த மாணவி, உயர்தரத்திலும் அதைத் தொடர விரும்பினால், வீட்டில் முதலில் எழும் கேள்வி ஒன்றுதான்: "அதப் படிச்சு என்ன செய்யப் போற மகள்?" கேட்பவர்களைக் குறை சொல்ல முடியாது. பிள்ளையின் எதிர்காலத்தை எண்ணியே பெற்றோர் கேட்கிறார்கள். இதே கேள்வியோடுதான் ஒரு கல்லூரியும் 170 ஆண்டுகளுக்கு மேலாக வாழ்ந்து வந்திருக்கிறது. சித்திரம் என்பது பிழைப்புக்கான தொழிலா, மனதுக்கான கலையா? சென்னை எழும்பூரிலுள்ள அரசு கவின்கலைக் கல்லூரி இந்தக் கேள்விக்குக் காலத்துக்குக் காலம் வெவ்வேறு பதில்களைச் சொல்லியிருக்கிறது. அந்தப் பதில்களை அறிந்துகொள்வது மாணவிகளுக்கும் பெற்றோருக்கும் பயன்தரும்.

ஐரோப்பாவின் கலைக்கழகங்கள்

கலையைக் கற்பிக்கவென்றே தனியான கல்விக்கூடம் அமைக்கும் வழக்கம் ஐரோப்பாவில் பழைமையானது. ஜேர்மன் மொழி பேசும் நாடுகளில் மிகப் பழைய கலைக்கழகம் நியூரம்பேர்க் நகரில் 1662 இல் தோன்றியது. பேர்லினில் 1696 இலும், டிரெஸ்டனில் 1764 இலும், மியூனிக்கில் 1808 இலும் இத்தகைய கழகங்கள் உருவாகின. அதற்கு முன்னர் ஓவியம் கற்க விரும்பிய சிறுவன் ஓர் ஓவியரின் பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்து, வண்ணம் அரைத்து, பல ஆண்டுகள் உழைத்தே தொழிலைக் கற்றான். கலைக்கழகங்கள் வந்த பிறகு உடலமைப்பு, தூரக்காட்சி, கலை வரலாறு ஆகியவை ஒழுங்கான பாடங்களாயின.

ஆனால் பெரும்பாலான ஜேர்மன் கலைக்கழகங்களின் வாசல் பெண்களுக்குத் திறக்கவில்லை. பேர்லினில் 1919 இலும் மியூனிக்கில் 1920 இலும்தான் பெண்கள் முறையாக மாணவிகளாகச் சேர்க்கப்பட்டார்கள். அதற்கு முன்பு அவர்கள் தனியார் வகுப்புகளிலும் பெண்களுக்கான தனிக் கலைப் பாடசாலைகளிலும் கற்றார்கள். அப்படிக் கற்றவர்களுள் ஒருவர் கேத்தே கொல்விட்ஸ். 1867 இல் பிறந்த இவருடைய தந்தை கட்டடத் தொழிலைச் செய்தவர். மகளின் திறமையைச் சிறு வயதிலேயே கண்டுகொண்ட அவரே ஆசிரியரைத் தேடி வரைதல் கற்க வழி செய்தார். சைலீசியாவின் ஏழை நெசவாளர்கள் 1844 இல் நடத்திய கிளர்ச்சியை அடிப்படையாகக் கொண்டு கேத்தே படைத்த ஆறு அச்சுச் சித்திரங்கள் 1898 இல் பேர்லினில் காட்சிக்கு வைக்கப்பட்டன. அவற்றுக்குத் தங்கப் பதக்கம் வழங்கப் பரிந்துரைத்தார்கள். ஜேர்மன் பேரரசர் மறுத்துவிட்டார். பின்னர் 1919 இல் பிரஷியக் கலைக்கழகம் பேராசிரியர் என்ற பட்டத்துடன் அவரை ஏற்றுக்கொண்டது. தறிச் சத்தம் கேட்டு வளர்ந்த மருதமுனை மாணவிக்கு, நெசவாளரை வரைந்த இந்தப் பெண்மணியின் பெயர் தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு வைத்தியர் தொடங்கிய பாடசாலை

இனிச் சென்னைக்கு வருவோம். அலெக்சாண்டர் ஹன்டர் என்ற ஆங்கிலேய அரசின் அறுவைச் சிகிச்சை வைத்தியர் 1850 இல் தமது சொந்த முயற்சியால் ஒரு கலைப் பாடசாலையைத் தொடங்கினார். கல்கத்தாவிலும் பம்பாயிலும் கலைப் பாடசாலைகள் வருவதற்குச் சில ஆண்டுகள் முந்தியது இது. பிறகு அரசாங்கம் பொறுப்பேற்றபோது, கைத்தொழிற் கலைப் பாடசாலை என்ற பொருளில் பெயர் அமைந்தது. அந்தப் பெயரே அன்றைய நோக்கத்தைச் சொல்லிவிடும். வரைதலும் அச்சுச் செதுக்கலும் ஒருபுறம் கற்பிக்கப்பட்டன. மட்பாண்டம், ஓடு, உலோக வேலை போன்றவை மறுபுறம் நடந்தன. ஆங்கில ஆட்சியாளர்களுக்குத் தேவைப்பட்டவர்கள் சிந்திக்கும் கலைஞர்களைவிடத் திறமையான வேலையாட்களே.

அடுத்து வந்த பொறுப்பாளர்களுள் ரொபர்ட் சிசம் கட்டடக் கலைஞர். ஆர்க்காட்டு நவாபின் சேப்பாக்கம் மாளிகை அரசு அலுவலகமானபோது, அதன் விரிவாக்கத்தை வடிவமைத்தவர் இவரே. கடற்கரையோரம் சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனற் மண்டபத்தையும் எழுப்பினார். குவிமாடங்களும் வளைவுகளும் கொண்ட இந்தக் கட்டடங்கள் இந்திய இஸ்லாமியக் கட்டடக் கலையிலிருந்து தாராளமாகக் கடன் வாங்கியவை.

1884 இல் வந்த ஈ.பி. ஹாவெல் வேறு விதமாகச் சிந்தித்தார். இந்தியக் கைவினைஞருக்கு ஐரோப்பியச் சிலைகளைப் பார்த்து வரையக் கற்பிப்பது பயனற்றது, அவர்களுடைய பரம்பரைத் திறமையே வளர்க்கப்பட வேண்டியது என்பது அவருடைய கொள்கை. மாகாணமெங்கும் சென்று கைத்தொழில்களை ஆராய்ந்தார். நாடாவைக் கையால் எறியாமல் கயிற்றை இழுத்து ஓடவிடும் தறியை நெசவாளர்களிடம் பரப்ப வேண்டும் என்று பின்னாளில் விடாமல் வாதாடினார். இயந்திரத் துணியோடு கைத்தறி போட்டியிட வேண்டுமானால் வேகமும் வேண்டும் என்று அவர் உணர்ந்திருந்தார்.

அல்பிரட் சட்டர்ட்டன் என்ற பொறியியலாளரின் காலத்தில், 1898 இல், இதே கலைப் பாடசாலையில் அலுமினியப் பாத்திரம் செய்யும் முயற்சி ஆரம்பமானது. அது வெற்றி பெற்று, 1903 இல் ஒரு தனியார் கம்பனியின் கைக்குப் போனது. நமது குசினிகளில் புழங்கும் அலுமினியச் சட்டிக்கும் ஒரு கலைப் பாடசாலைக்கும் இப்படி ஓர் உறவு உண்டு.

முதல் இந்திய அதிபர்

1929 இல் தேவி பிரசாத் ராய் சௌத்ரி பொறுப்பேற்றார். இந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர் இவரே. ஓவியரும் சிற்பியுமான இவர் 1957 வரை பணியாற்றினார். சென்னை மெரீனா கடற்கரையில் பாறையொன்றை நெம்பிப் புரட்டும் நான்கு தொழிலாளரின் சிலையைப் படங்களிலாவது நாம் பார்த்திருப்போம். அது இவர் வடித்த உழைப்பாளர் சிலை. இவருடைய காலத்தில் பாடசாலையின் முகம் மாறியது. வேலையாட்களைப் பழக்கும் இடமாக இருந்தது, தனக்கென்று பார்வையுள்ள கலைஞர்களை உருவாக்கும் இடமாயிற்று.

ஆனால் பழைய கேள்வி இப்போது வேறு உருவத்தில் வந்தது. நல்ல ஓவியர்கள் உருவானார்கள். ஓவியத்தை வாங்க ஆளில்லை. பட்டம் பெற்ற இளைஞர்கள் சம்பள உத்தியோகம் தேடிப் போனார்கள். தூரிகையைக் கீழே வைத்தார்கள்.

பத்திக் துணி கட்டிய கிராமம்

இதற்கு விடை கண்டவர் கே.சி.எஸ். பணிக்கர். இதே கல்லூரியின் பழைய மாணவரான இவர் 1957 இல் அதன் அதிபரானார். ஓவியத்தால் மட்டும் வயிறு நிறையாது என்பதை உணர்ந்து, கலைஞர்கள் பகலில் சில மணி நேரம் கைவினைப் பொருள் செய்து விற்று, மீதி நேரத்தைத் தமது கலைக்குக் கொடுக்கலாம் என்று யோசனை சொன்னார். அவர்கள் தேர்ந்த கைவினைகளுள் முக்கியமானது பத்திக். துணியில் மெழுகால் கோலம் எழுதி, சாயத்தில் தோய்த்து, மெழுகை நீக்கும் இந்த வேலை நமது நாட்டவர்களுக்குப் புதிதல்ல. பத்திக் விற்ற காசு சேர்ந்து, 1966 இல் சென்னைக்குத் தெற்கே கடற்கரையோரம் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவானது. கலைஞர்கள் தாங்களே காணி வாங்கி, வீடு கட்டி, குடும்பத்தோடு வாழ்ந்தார்கள். அந்தக் கிராமம் இன்றும் இருக்கிறது.

ஹன்டர் காலத்தில் கைத்தொழில் மேலிடத்தில் இருந்தது. ராய் சௌத்ரி காலத்தில் கலை மேலிடத்துக்கு வந்தது. பணிக்கர் இரண்டையும் ஒரே மனிதரின் ஒரே நாளுக்குள் வைத்தார். இந்தக் கல்லூரி சொன்ன பதில்களில் மிகவும் பயனுள்ளது இதுவே என்று எனக்குத் தோன்றுகிறது.

படித்து வெளிவந்தவர்கள்

கோட்டோவியங்களால் தமிழ்ப் பத்திரிகைகளின் தோற்றத்தையே மாற்றிய ஆதிமூலம் இங்கு படித்தவர். நூல் அட்டைகளில் தமிழ் எழுத்தை ஓவியமாக எழுதிக் காட்டியவரும் அவரே. இராமநாதபுரக் கரையோர ஊரான அழகன்குளத்தில் 1943 இல் பிறந்து, பின்னர் மலேசியாவின் முன்னணி ஓவியர்களுள் ஒருவரான செய்யது தாஜுதீனும் இங்கேதான் கற்றார். கேரளத்தில் பொன்னானிக்கு அருகே பிறந்த டி.கே. பத்மினி 1960களில் இங்கு பயின்று, பெண்களின் உள்ளத்தைத் துணிவோடு வரைந்தார். 1969 இல் பிரசவத்தின்போது இறந்துவிட்டார். முப்பது வயதைக்கூட எட்டாத அந்த வாழ்வில் அவர் விட்டுச்சென்ற ஓவியங்களைக் கேரளம் இன்றும் போற்றுகிறது.

நமது மண்ணில்

கொழும்பில் 1893 இல் தொழில்நுட்பக் கல்லூரியின் ஒரு பகுதியாகத் தொடங்கிய கலைக் கல்வி, பல படிகளைக் கடந்து 2005 இல் கட்புல, அரங்கேற்றக் கலைகள் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. நமக்கு அருகே மட்டக்களப்புக் கல்லடியில், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. இசை, நடனம், நாடகம் ஆகியவற்றோடு கட்புலக் கலைகளையும் அங்கு பட்டப்படிப்பாகக் கற்கலாம். காரைதீவில் 1892 இல் பிறந்த விபுலாநந்த அடிகள், கொழும்புத் தொழில்நுட்பக் கல்லூரியில் விஞ்ஞானம் கற்றவர். மறைந்துபோன யாழை ஆராய்ந்து 1947 இல் வெளியிட்ட 'யாழ் நூல்' கணக்கறிவும் இசையறிவும் சேர்ந்து பிறந்தது. விஞ்ஞானம் வேறு, கலை வேறு என்று பிரித்துப் பார்ப்பவர்களுக்கு நமது அயலூரிலேயே பதில் இருக்கிறது.

உருவம் வரைவது குறித்து நமது பெற்றோர் பலருக்கு மார்க்க ரீதியான தயக்கம் உண்டு. அந்தத் தயக்கத்தை மதித்தபடியே கற்கக்கூடிய துறைகளும் நிறைய உள்ளன. அரபு எழுத்தணிக் கலை, கேத்திர கணித அலங்காரம், துணி வடிவமைப்பு, மட்பாண்டம், நூல் அட்டை, கட்டட உள்ளலங்காரம் எல்லாம் கலைக் கல்வியின் பகுதிகளே. முஸ்லிம் உலகம் மனித குலத்துக்கு அளித்த கலைச் செல்வத்தில் பெரும்பங்கு இந்தத் துறைகளில்தான் இருக்கிறது.

மருதமுனைச் சாறனும் சாரியும் நாடெங்கும் போகின்றன. பன்பாய் இழைக்கும் கைகள் நமது ஊர்களில் இன்னும் உள்ளன. ஆனால் புதிய வடிவங்களைத் தீர்மானிப்பவர்கள் யார்? சந்தை கேட்பதைப் பார்த்து அப்படியே நெய்துகொடுத்தால் நெசவாளிக்குக் கூலி மட்டுமே மிஞ்சும். வடிவத்தைத் தானே உருவாக்கினால் பெயரும் விலையும் சேர்ந்து வரும். அந்த வேலைக்குப் படித்த பெண்கள் தேவை.

ஆகவே உயர்தரத்தில் சித்திரம் கேட்கும் மகளிடம் "என்ன செய்யப் போற?" என்று கேட்பதை நிறுத்த வேண்டியதில்லை. கேட்டுவிட்டு, பதிலை அவளோடு சேர்ந்து தேட வேண்டும். பல்கலைக்கழக அனுமதிக் கைநூலை இருவருமாக வாசியுங்கள். இத்துறைகளுக்கான உளச்சார்புப் பரீட்சை பற்றி ஆசிரியரிடம் விசாரியுங்கள். ஒரு நாள் தறிக்கூடத்துக்கு அழைத்துச் சென்று அங்குள்ள வடிவங்களைப் பார்க்கச் சொல்லுங்கள். கேத்தேயின் தந்தை செய்ததும் இவ்வளவுதான்: மகளின் கையில் இருந்ததைக் கவனித்தார், ஓர் ஆசிரியரைத் தேடிக் கொடுத்தார்.