வழக்கும் வழக்கறிஞரும்

நோய்க்கேற்ற மருத்துவரை நாடுவதுபோல், வழக்குக்கேற்ற வழக்கறிஞரை நாட வேண்டும். முதலில் வழக்கின் வகையை அறிதல் அவசியம். மணவிலக்கு, சொத்துத் தகராறு போன்றவை உரிமையியல் வழக்குகள். திருட்டு, தாக்குதல் போன்றவை குற்றவியல் வழக்குகள். வழக்கறிஞருக்கு அத்துறையில் அனுபவம் உண்டா, கட்டணம் எவ்வளவு என்பனவற்றை முதல் சந்திப்பிலேயே கேட்டுத் தெளிய வேண்டும். சிங்கப்பூரில் வழக்கறிஞர்கள் தொழில் சான்றிதழை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். அது நடப்பில் உள்ளதா என்பதையும் உறுதிசெய்துகொள்வது நல்லது.

வசதி குறைந்தோர் என்ன செய்வது? அவர்களுக்கு உரிமையியல் வழக்குகளில் உதவச் சட்ட உதவிப் பிரிவு 1958இல் தொடங்கப்பட்டது. குற்றவியல் வழக்குகளில் உதவ, பொதுத் தற்காப்பு வழக்கறிஞர் அலுவலகம் 2022இல் அமைக்கப்பட்டது. ஆகவே, கையில் பணமில்லை என்பதற்காக எவரும் தம் உரிமையைக் கைவிட வேண்டியதில்லை. காலம் தாழ்த்தாமல் உதவியை நாடுவதே அறிவுடைமை.