சுழலும் தட்டுக்கு ஓய்வு

பத்துப் பன்னிரண்டு வருஷங்களுக்கு முன் ஆசையோடு வாங்கிய மடிக்கணினி, இப்போது பொத்தானை அழுத்திவிட்டுக் காபி கலந்து குடித்து முடிக்கும்வரை கண் திறப்பதில்லை என்றால், அதன் மூளை மழுங்கிவிட்டது என்று தீர்மானித்துப் புதியதற்கு விலை விசாரிக்கப் புறப்படுவதே நம்மில் பெரும்பாலோரின் வழக்கம். அந்த அபிப்பிராயம் பெரும்பாலும் பிழையானது.

2012-ல் வெளிவந்த திங்க்பேட் டி430-ஐ எடுத்துக்கொள்வோம். அதில் பொருத்தப்பட்ட ஐ5 பிராசஸர்களுள் ஒன்று விநாடிக்கு 260 கோடி முறை துடிப்பது. அந்த நாடி இன்றும் தளர்ந்துவிடவில்லை. தாமதமெல்லாம் ஹார்ட் டிஸ்கில் இருக்கிறது. நிமிஷத்துக்கு 5,400 தடவை சுழலும் தட்டின்மீது, வேண்டிய தடத்தைத் தேடி ஒரு சின்னஞ்சிறு கை குறுக்கே நகர்ந்து நின்று, பிறகு வேண்டிய இடம் தன் முனைக்குக் கீழே சுழன்று வரும்வரை காத்திருக்க வேண்டும். இவ்விரண்டுக்கும் சேர்த்து ஏறக்குறைய 15 மில்லி செகண்டு ஆகிறதென்றால், அதற்குள் பிராசஸர் சுமார் 4 கோடி முறை வீணாகத் துடித்துவிடுகிறது!

இந்த டிஸ்குக்குப் பதிலாகப் பொருத்தக்கூடிய எஸ்.எஸ்.டி.யில் சுழல்வதும் இல்லை, நகர்வதும் இல்லை. தோஷிபாவில் பணியாற்றிய ஃபுஜியோ மசுவோகா 1980-களில் உருவாக்கிய ஃபிளாஷ் நினைவகத்தின் தத்துவப்படி, மின்கடத்தாச் சுவருக்குள் சிறைப்பட்ட எலக்ட்ரான்களே எழுத்தாக நிற்பதால், கேட்டது பெரும்பாலும் ஒரு மில்லி செகண்டில் பத்தில் ஒரு பங்குக்குள் கிடைத்துவிடுகிறது. இரண்டரை அங்குல எஸ்.எஸ்.டி., பழைய டிஸ்கின் ஸ்தானத்தில், அதே சாட்டா இணைப்பில் அப்படியே உட்காரும்.

அடுத்தது, தற்காலிக நினைவகமான ராம். 4 ஜி.பி. நிரம்பியதும் யந்திரம் மிச்சத்தை டிஸ்கில் இறக்கி ஏற்றிக்கொண்டே இருக்கும். டிஸ்க் விளக்கு ஓயாமல் மினுக்குவதற்கு இதுவும் ஒரு காரணம். 8 ஜி.பி. ஆக்கினால் அந்த அவஸ்தை வெகுவாகக் குறையும். டிடிஆர்3 ராம் கேட்கும் தாய்ப்பலகையில் டிடிஆர்4 பொருந்தாது என்பதால் வகை பார்த்து வாங்கவேண்டும். பாட்டரியைக் கழற்றி, ஓர் உலோகத்தைத் தொட்டுக் கையிலுள்ள நிலைமின்சாரத்தைப் போக்கிவிட்டு, சில்லைச் சாய்வாகச் செருகிக் கீழே அமுக்கினால், இருபுறக் கொக்கிகளும் 'டக்' என்று பற்றிக்கொள்ளும். திறந்த கையோடு விசிறியில் அடைந்த தூசியையும் ஊதிவிடுவது நல்லது.

எல்லா யந்திரத்துக்கும் இது செல்லாது. ராமைப் பலகையோடு பற்றவைத்துவிட்ட மெல்லிய மாடல்களில் அதைக் கூட்ட வழியில்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்து, விண்டோஸ் 11 இத்தனை பழைய பிராசஸர்களை ஏற்காததால், லினக்ஸை நிறுவிக்கொள்வதே உசிதம். கழற்றிய டிஸ்கை எறிந்துவிடாதீர்கள், யு.எஸ்.பி. உறையொன்றில் போட்டுவைத்தால், குடும்பப் புகைப்படங்களின் இன்னொரு பிரதியை அது நிதானமாகச் சுழன்றபடியே காத்து வரும்.