பனிக்காலத்தில் டீசல்: பாட்டில் மருந்து எப்போது உதவும்?

போன ஜனவரியில் ஒரு நாள், விடியற்காலை ஐந்து மணி. கால் ஏக்கர் உருளைக்கிழங்கின் மேல் உப்பைத் தூவின மாதிரி உறைபனி. வெயில் ஏறுவதற்குள் ஸ்பிரிங்ளரில் தண்ணீர் விட்டுப் பனியைக் கழுவியாக வேண்டும், இல்லாவிட்டால் இலை கருகிவிடும். ஊட்டிப் பக்கம் வெள்ளாமை செய்கிறவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. அன்றைக்குப் பார்த்து என் டீசல் பம்ப்செட் நாலு தடவை இருமிவிட்டு நின்றுபோனது.

கீழே ஒரு கடைக்காரர் தலையில் கட்டிய ‘குளிர்கால டீசல் மருந்து’ ஒரு பாட்டில் கையில் இருந்தது. பதற்றத்தில் பாதியை டாங்கில் கவிழ்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. பக்கத்துத் தோட்டத்து அண்ணன் வந்து, பில்டரைச் சுற்றிச் சாக்குத்துணி கட்டி, கை பொறுக்கும் சூட்டில் வெந்நீரை ஊற்றிக்கொண்டே இருந்தார். எஞ்சின் ஓடியபோது மணி எட்டு. வயலில் பாதி கருகிவிட்டது.

மருந்து போலி என்றுதான் முதலில் நினைத்தேன். முப்பது வருடத்துக்கு மேல் வங்கியில் கணக்குப் பார்த்தவனாயிற்றே, விசாரிக்காமல் விட மனசு வரவில்லை. தப்பு பெரும்பாலும் என்னுடையதுதான்.

டீசலில் இயல்பாகவே மெழுகு கரைந்திருக்கிறது. குளிர் ஏற ஏற அந்த மெழுகு தேங்காய் எண்ணெய் உறைவது மாதிரி பிரிய ஆரம்பிக்கும். முதலில் டீசல் மங்கலாகும். அடுத்து மெழுகுத் துகள்கள் பில்டரில் படிந்து அடைக்கும். இன்னும் குளிர்ந்தால் டீசல் ஓடவே ஓடாது. நம் மலையில் பிரச்சினை அந்தக் கடைசிக் கட்டம் வரை போவதில்லை, பில்டரோடு நின்றுவிடும். அதனால்தான் எஞ்சின் கிளம்பிவிட்டு, குழாயில் இருந்த டீசல் தீர்ந்ததும் நிற்கிறது.

‘கோல்ட் ஃப்ளோ இம்ப்ரூவர்’ என்கிற மருந்து இந்த மெழுகைக் கரைப்பதில்லை. துகள்கள் பெரிதாக வளர்ந்து ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளாமல் சின்னதாக வைத்திருக்கும், அவை பில்டருக்குள் நுழைந்து போய்விடும். அவ்வளவுதான் அதன் வேலை. ஆகவே மெழுகு பிரிவதற்கு முன்பே, டீசல் தெளிவாகவும் வெதுவெதுப்பாகவும் இருக்கும்போதே கலக்க வேண்டும். முந்தின நாள் மத்தியானம் செய்ய வேண்டியதை நான் பனி விழுந்த பிறகு செய்தேன். கூடுதலாக ஊற்றினால் கூடுதல் பலன் கிடைக்கும் என்பதும் கிடையாது. இன்னொன்று, கடையில் ‘டீசல் மருந்து’ என்று விற்பதில் பல, இன்ஜெக்டரைச் சுத்தம் செய்பவை அல்லது மைலேஜ் தரும் என்று சொல்லப்படுபவை. அவற்றுக்கும் மெழுகுக்கும் சம்பந்தமில்லை. லேபிளைப் படித்து வாங்குங்கள்.

அதைவிடப் பெரிய தப்பு என் கேனில் இருந்தது. விலை ஏறும் என்று செப்டம்பரிலேயே மேட்டுப்பாளையத்தில் வாங்கி வைத்த டீசல் அது. பில்டர் அடைபடும் வெப்பநிலைக்கு இந்தியத் தரவிதி இரண்டு உச்சவரம்பு வைத்திருக்கிறது: கோடை டீசலுக்கு 18 டிகிரி, குளிர்கால டீசலுக்கு 6 டிகிரி. நான் பூஜ்ஜியத்தைத் தொடும் குளிரில் கோடைச் சரக்கை ஓட்டப் பார்த்திருக்கிறேன். பிறகு ஒரு நாள் ராத்திரி இரண்டு கண்ணாடி பாட்டிலில் பழைய டீசலையும் புதிதாக வாங்கியதையும் ஊற்றி வெளியே வைத்தேன். காலையில் பழையது மோர் மாதிரி கலங்கியிருந்தது. புதியதில் லேசான மங்கல் மட்டும். இந்தச் சோதனைக்குக் காசு செலவில்லை, மருந்து வாங்குவதற்கு முன் எல்லோரும் செய்து பார்க்கலாம். டீசல் தெளிவாக இருந்தும் எஞ்சின் மக்கர் செய்தால் பேட்டரி, கெட்டியான ஆயில், பில்டரில் தண்ணீர் என்று வேறு பக்கம் தேடுங்கள்.

தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பாதி காலியான டாங்கில் ராத்திரி ஈரக்காற்று குளிர்ந்து துளித்துளியாக அடியில் இறங்கும். உறைபனி நாளில் அதுவும் உறைந்து வழியை அடைக்கும். இப்போதெல்லாம் சாயங்காலமே டாங்கை நிரப்பிவிடுகிறேன். வாரம் ஒருமுறை பில்டரின் அடித்திருகைத் தளர்த்தி, தண்ணீரை ஒரு டப்பாவில் பிடித்து எடுத்துவிடுகிறேன். மண்ணில் விடுவதில்லை, நம் மண்ணாயிற்றே.

மண்ணெண்ணெய் கலக்கலாமே என்று பலர் கேட்கிறார்கள். வங்கிப் பணியில் இரண்டு குளிர்காலம் லே கிளையில் இருந்தேன். அங்கே லாரி டிரைவர்கள் அதைக் கலப்பார்கள், டாங்குக்கு அடியில் தீயும் மூட்டுவார்கள். பார்க்கவே பயமாக இருக்கும். மைனஸ் 20 டிகிரியில் அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. லடாக்குக்கென்று மைனஸ் 33 டிகிரி வரை ஓடக்கூடிய டீசலை இந்தியன் ஆயில் கொண்டுவந்ததே 2019 நவம்பரில்தான். நமக்கு அந்த அவசியம் இல்லை. இன்ஜெக்ஷன் பம்புக்கு மசகே டீசல்தான், மண்ணெண்ணெயில் அந்த வழவழப்புக் குறைவு. பம்ப் தேய்ந்தால் ஆகிற செலவில் நல்ல டீசலே வாங்கிவிடலாம். பெட்ரோலைக் கலக்கவே கலக்காதீர்கள், தீ விபத்தில் முடியும்.

நம் நண்பர்கள் சிலர் புங்க எண்ணெயிலிருந்து பயோடீசல் செய்து எஞ்சினை ஓட்டுகிறார்கள். எனக்கும் ஆசைதான். ஆனால் அது சாதாரண டீசலுக்கு முன்பே கலங்கிவிடும். சமவெளியில் கவலையில்லை. மலையில் இருப்பவர்கள் டிசம்பர், ஜனவரியில் அதை நிறுத்திவைத்து, டாங்கையும் பில்டரையும் காலி செய்துவிட்டுப் புது டீசலுக்கு மாறிக்கொள்வது நல்லது. மார்ச்சில் மறுபடி ஊற்றிக்கொள்ளலாம்.