இடமா, வலமா? தாமிரத்தின் மேல் ‘கண்ணாடிப் பிம்ப’ மூலக்கூறுகள் போடும் கணக்கு

தும்மல், மூக்கொழுகலுக்கு மெடிக்கல் ஷாப்பில் வாங்கும் செட்ரிசின் மாத்திரை வழக்கமாக 10 மில்லிகிராம். லெவோசெட்ரிசின் என்றால் 5 மில்லிகிராம்தான். ஏன் பாதி?

செட்ரிசினில் இரண்டு வகை மூலக்கூறுகள் சரிபாதியாகக் கலந்திருக்கின்றன. இடது கையும் வலது கையும் போல, ஒன்று மற்றொன்றின் கண்ணாடிப் பிம்பம். இதைக் கைரல் தன்மை என்கிறார்கள். அலர்ஜியை அடக்கும் வேலையைப் பெரும்பாலும் ஒரு வகைதான் செய்கிறது. அது மட்டும் தனியாக இருந்தால் லெவோசெட்ரிசின்.

ஆனால், இந்த இரட்டையரைப் பிரிப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. எடை, உருகுநிலை, கொதிநிலை எல்லாமே ஒன்று. காய்ச்சி வடித்தாலும் பிரியாது.

பாஸ்டரின் அதிர்ஷ்டம்

1848-ல் பிரான்ஸின் லூயி பாஸ்டர் இதைக் கையாலேயே பிரித்தார். நம்ம புளிக்குப் புளிப்பு தரும் டார்டாரிக் அமிலத்தின் குடும்பத்தைச் சேர்ந்த ஓர் உப்பு அது. படிகமானபோது இடது தனியாக, வலது தனியாக உறைந்தது. உற்றுப் பார்த்துப் பொறுக்கிவிட்டார். சுமார் 27 டிகிரி செல்சியஸுக்கு மேல் போனால் இந்த உப்பு அப்படிப் பிரியாது. சென்னை மே மாதத்தில் முயன்றிருந்தால் மனுஷன் ஏமாந்திருப்பார்!

பெரும்பாலான கைரல் பொருட்கள் பாஸ்டரின் உப்பு மாதிரி நடந்துகொள்வதில்லை. இடதும் வலதும் கலந்தே படிகமாகின்றன. எது பிரியும், எது சேரும் என்று முன்கூட்டியே சொல்ல உறுதியான விதி கிடையாது. அதனால்தான் ஆய்வாளர்கள் பிரச்சினையை எளிமையாக்கப் பார்த்தார்கள். முப்பரிமாணப் படிகம் வேண்டாம், உலோகத்தின் மேல் ஒரே ஓர் அடுக்கு மூலக்கூறுகள் போதும்.

ஓர் அடுக்கில் என்ன மாறும்?

ஷூ டப்பாவைத் திறந்து பாருங்கள். இடமும் வலமும் தலைமாற்றி, ஒன்றைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். கச்சிதமாகப் பொருந்தும். எல்லா ஷூவும் தரையில் நேராகத்தான் நிற்க வேண்டும் என்றால் அந்த வித்தை செல்லாது. உலோகப் பரப்பிலும் அதேதான்: மூலக்கூறுகள் கவிழ்ந்து ஜோடி சேர வழி இல்லை. ஆக, இடது தனி, வலது தனி எனப் பிரிவது சுலபமாகும் என்று எதிர்பார்க்கப்பட்டது.

சுவிட்சர்லாந்தின் எம்பா ஆய்வகத்தில் ரோமன் ஃபாசல், மான்ஃபிரட் பார்ஷாவ், கார்ல்-ஹைன்ஸ் எர்ன்ஸ்ட் ஆகியோர் இதைச் சோதித்தார்கள். எடுத்துக்கொண்டது ஹெப்டாஹெலிசின். ஏழு பென்சீன் வளையங்கள் சுழல் படிக்கட்டு போல முறுக்கிக்கொண்டிருக்கும் மூலக்கூறு இது. முறுக்கு இடப்பக்கமும் இருக்கலாம், வலப்பக்கமும் இருக்கலாம். இரண்டையும் கலந்து தாமிரப் படிகத்தின் மேல் ஓர் அடுக்காகப் படியவிட்டு, ஸ்கேனிங் டன்னலிங் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார்கள். ஊசிமுனைக்கும் பரப்புக்கும் இடையே பாயும் நுண்ணிய மின்னோட்டத்தை வைத்து, மூலக்கூறுகளை ஒவ்வொன்றாகக் காட்டும் கருவி அது.

2006-ல் ‘நேச்சர்’ இதழில் வந்த முடிவு எதிர்பார்ப்பைக் கவிழ்த்தது. மூலக்கூறுகள் பிரியவே இல்லை. இடதும் வலதும் சேர்ந்தேதான் அடுக்கின. ஆனால் அந்த அடுக்கு வரிசைக்கே இரண்டு வடிவங்கள் இருந்தன, அவையும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பங்கள்!

சுவாரஸ்யம் அடுத்ததில்தான். கலவையில் ஒரு வகையை லேசாகக் கூட்டினார்கள். உடனே ஒரு வடிவம் காணாமல் போய், பரப்பு முழுக்க மற்றொரு வடிவமே நிறைந்தது. தொங்கு சட்டசபையில் நாலு சுயேச்சைகள் ஆட்சியைத் தீர்மானிப்பார்களே, கிட்டத்தட்ட அப்படி.

சரி, இதனால் என்ன பயன்?

நிக்கல் வினையூக்கியை டார்டாரிக் அமிலத்தில் ஊறவைத்துப் பயன்படுத்தினால், சில வேதிவினைகளில் ஒரு ‘கை’ மூலக்கூறே அதிகம் கிடைக்கிறது. இது பல பத்தாண்டுகளாகத் தெரிந்த விஷயம். அந்த அமிலம் உலோகத்தின் மேல் எப்படி உட்காருகிறது என்பதைக் காட்டியது இங்கிலாந்தின் லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் ரஸ்மிதா ராவல் குழு, 2000-ல். தாமிரப் பரப்பில் ஒரு கை அமிலத்தின் வரிசைகள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து நின்றன. மறு கை அமிலத்தைப் போட்டதும் சாய்வு அப்படியே எதிர்ப்பக்கம் மாறியது.